பின்பிரேக்கில் எண்ணெய் வராத வாரம்

என் கணவருக்குத் தங்கச் சுரங்கத்தில், வைண்டிங் என்ஜினில் வேலை. ஷாஃப்ட் என்கிற செங்குத்துக் குழிக்குள் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜை, மேலே ஓர் அறையில் உட்கார்ந்து ஓட்டுபவர். பூமிக்கடியில் ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் ஏதோ ஒரு லெவலில் மணி அடிப்பார்கள். இவர் மேலேயிருந்து லீவரைத் தள்ளி, இரும்பு வடத்தில் தொங்கும் கேஜை அந்த லெவலின் வாசலில் ஒரு விரற்கடைகூட மேலே கீழே போகாமல் கொண்டுபோய் நிறுத்துவார். அதில் அவருக்குப் பெருமை உண்டு. நியாயமான பெருமைதான். ஆனால் உலகத்திலுள்ள பிரேக்குகள் எல்லாமே தன் சொல்பேச்சுக் கேட்கும் என்று அவர் நம்பினார். எங்கள் கஷ்டம் அங்கேதான் ஆரம்பித்தது.

அறுபதுகளின் நடுவில் எங்களிடம் ஒரு பழைய சின்னக் கார் இருந்தது. சுரங்கத்து அதிகாரி ஒருவர் குடும்பத்தோடு வெளிநாடு போகும்போது விட்டுப்போனது. சாம்பல் நிறம், நான்கு கதவு. அதில் ஒரு கதவை உள்ளேயிருந்து மட்டும்தான் திறக்க முடியும். சுரங்கப் பகுதியான பாலகாட்டில் எங்கள் லைன் வீடுகளுக்கு முன்னால் ஒரு புங்கமரத்தடியில் நிற்கும். எங்கள் வரிசையில் வேறு யாரிடமும் கார் கிடையாது. ஆகவே யார் வீட்டில் பிரசவம், யார் வீட்டில் விருந்தாளி என்றாலும் அது எங்கள் வீட்டு விஷயமாகிவிடும். அப்படித்தான் பக்கத்து வீட்டு அண்ணனின் மகள் கல்யாணமும் எங்கள் விஷயமானது.

அந்த அண்ணன் சுரங்கத்துக்குள் கூரை இடியாமல் மரம் முட்டுக் கொடுக்கும் வேலை செய்தவர். என் கணவரைவிடப் பத்து வயது மூத்தவர், நல்ல பருமன். மே மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் கல்யாணம். மணப்பெண்ணை எங்கள் காரில்தான் கோவிலுக்கு அழைத்துப் போவது என்று முடிவாகியிருந்தது. அண்ணன் அதை ராபர்ட்சன்பேட்டை வரைக்கும் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

கல்யாணத்துக்கு முந்தின வார ஞாயிற்றுக்கிழமை, விருந்துக்குக் காய்கறி சொல்லிவைக்க அண்ணனும் நாங்கள் இருவரும் காரில் பூதிகோட்டைக்குப் போனோம். ஒரு தோட்டக்காரரிடம் கத்தரிக்காயும் பூசணியும் பேசி முடித்துத் திரும்பும்போது பாதி வழியில் ஏதோ தீய்கிற வாடை. முதலில் வயலில் ஏதோ எரிக்கிறார்கள் என்று நினைத்தோம். வயல் போய்விட்டது, வாடை போகவில்லை. இறங்கிப் பார்த்தால் பின் சக்கரம் இரண்டிலும் லேசாகப் புகை. அண்ணன் குனிந்து தொட்டுப் பார்த்துக் கையை உதறினார். மிதியை விட்ட பிறகும் பின்பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறது. அரைமணி நேரம் ஆறவிட்டு, கொஞ்ச தூரம் ஓட்டி, மறுபடி ஆறவிட்டு, ஒருவழியாக வீடு வந்து சேர்ந்தோம்.

"ராபர்ட்சன்பேட்டை மெக்கானிக் கிட்ட வுட்டுடலாங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில், நான் ஏதோ அவரை வேலையை விட்டு நிற்கச் சொன்னதுபோல இருந்தது.

"ஒரு நாளைக்கு எத்தினி பேர உள்ள எறக்கி மேல ஏத்தறேன் தெரியுமா உனுக்கு? எல்லாம் பிரேக்குதான். இந்த டப்பா காருக்குப் போயி மெக்கானிக்கா?"

அவருக்கு அந்த வாரம் முதல் ஷிஃப்டு. காலை ஆறு மணிக்குப் போய் மதியம் இரண்டுக்கு விட்டால் இரண்டரைக்கு வீட்டில் இருப்பார். எனக்குப் பள்ளிக்கூடம் கோடை விடுமுறை. நான் ஒரு தொடக்கப் பள்ளியில் டீச்சர். விடுமுறையில் இருந்தேன் என்பதே நான் செய்த பெரிய தப்பு.

திங்களும் செவ்வாயும் கழற்றுவதிலும் மாட்டுவதிலும் போயின. பின் டிரம்மைக் கழற்றினால் உள்ளே வீல் சிலிண்டரின் ரப்பர் கப்புகள் ஊறிய கடலைபோல உப்பிப்போய் இருந்தன. இரண்டு பக்கமும் புது வீல் சிலிண்டர், புது பிரேக் ஷூ, மிதித்தால் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குப் புது ரப்பர் எல்லாம் ராபர்ட்சன்பேட்டை ஸ்பேர்பார்ட்ஸ் கடையிலிருந்து வாங்கி வந்தார். நேர்த்தியாக மாட்டினார் என்பதை நான் சொல்லியே ஆக வேண்டும். ஒவ்வொரு திருகையும் துடைத்துத் துடைத்துப் போட்டார். தங்கம் எடுத்தபின் கொட்டிய சயனைடு மண்மேட்டிலிருந்து மாலையில் காற்று அடித்தால் எங்கள் பக்கம் முழுக்க மாவு மாதிரி மண் பறக்கும். பிரேக்கில் மண் விழக்கூடாதென்று என் பழைய புடவை ஒன்றைக் காரைச் சுற்றிக் கட்டினார். பழைய புடவை என்பது அவர் கணக்கு.

புதன்கிழமை ஏர் எடுக்கும் வேலை. பிரேக்கைப் பிரித்து மாட்டினால் எண்ணெய் போகும் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். காற்று இருந்தால் மிதி பஞ்சுபோல அமுங்கும், வண்டி நிற்காது. அதை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்துக்குப் பின்னால் படுத்து எண்ணெய் வெளியேறும் சின்னத் திருகான நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். நிப்பிளில் ஒரு ரப்பர் குழாய் மாட்டி, அதன் நுனியை பிரேக் ஆயில் கொஞ்சம் ஊற்றிய ஊறுகாய் பாட்டிலுக்குள் விட்டிருப்பார்கள். மிதிக்க மிதிக்கக் காற்று குமிழியாக வரும். குமிழி நின்று வெறும் எண்ணெய் வந்தால் அந்தச் சக்கரம் முடிந்தது. மாஸ்டருக்குத் தூரத்தில் உள்ள பின் சக்கரத்தில்தான் முதலில் தொடங்க வேண்டும். இதெல்லாம் அவர் எனக்கு விளக்கியதில்லை. மிதித்து மிதித்து நானாகத் தெரிந்துகொண்டது.

"மிதி" என்பார் கீழேயிருந்து. மிதிப்பேன். "புடி" என்பார். பிடித்துக்கொள்வேன். "வுடு" என்பார். விடுவேன். மே மாத வெயிலில் ரெக்ஸின் சீட் தோசைக்கல்லாகக் காய்ந்தது. செருப்பைக் கழற்றச் சொன்னார், கால் வழுக்கக் கூடாதாம். பிரேக் மிதியின் மேல் இருந்த ரப்பர் எப்போதோ கழன்று போயிருந்தது. வெறும் இரும்பு. அதில் இருந்த வரிகள் அன்று மாலைக்குள் என் உள்ளங்காலில் பதிந்துவிட்டன.

"வருதாங்க?"

"வரல."

"ஒண்ணுமேவா?"

"ஒரு குமிழிகூட வரல. நீ சரியா மிதிக்கல."

நான் எழுந்து நின்று, கூரையில் தலை இடிக்க, ஒற்றைக் காலில் என் முழு எடையையும் போட்டு மிதித்தேன். மிதி பஞ்சு மாதிரி அமுங்கிப் பாதியில் நின்றது. பாட்டில் எண்ணெய் அசையவில்லை.

"இன்னாமே, மிதிக்கிறியா இல்ல தூங்கறியா?"

"மிதிச்சிக்கினுதாங்க இருக்கறேன்!"

மாலை வரைக்கும் அதேதான். பின் சக்கரம் இரண்டிலும் வரவில்லை. மாஸ்டர் சிலிண்டரில் புது ரப்பர் சரியாக உட்காரவில்லை என்று முடிவு கட்டினார். அந்தக் காரில் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுபவரின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே இருந்தது. பாயை எடுத்து, தகட்டைத் தூக்கினால்தான் எண்ணெய் ஊற்றவே முடியும். வியாழன் மதியம் அதை முழுக்கக் கழற்றி, பிரித்து, மாட்டினார். மறுபடி நான் ஏறி உட்கார்ந்தேன். மிதி, புடி, வுடு. பின்னால் ஒன்றும் வரவில்லை.

அன்று அண்ணன் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தார். கையில் கல்யாணப் பத்திரிகைக் கட்டு. "இன்னா தம்பி, ஆச்சா?" என்று கேட்பார். "ஆயிடும்ணே" என்பார் இவர் காருக்கடியிலிருந்து. கால் இரண்டு மட்டும்தான் வெளியே தெரியும். அந்தக் கால்களைப் பார்த்தபடி அண்ணன் கொஞ்ச நேரம் நிற்பார், பிறகு போய்விடுவார். அவர் மனைவி வாசலுக்கு வரவில்லை. ஆனால் லைன் வீட்டில் ஒரே சுவர்தானே. நாங்கள் இங்கே போட்ட சத்தம் எல்லாம் அங்கே கேட்டது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவர் வேறு வழியில் போனார். பின் சக்கரத்தை விட்டுவிட்டு முன் சக்கரங்களில் ஏர் எடுத்துப் பார்ப்போம் என்றார். இரண்டு முன் சக்கரத்திலும் நாலைந்து மிதியில் குமிழி வந்து, சுத்தமான எண்ணெய் வந்தது. எனக்கு அழுகை வரும்போல் இருந்தது, அவ்வளவு சந்தோஷம். ஆக மாஸ்டர் சரி. அதோடு மிதியும் மாறிவிட்டது. பஞ்சுத்தன்மை போய்க் கல்லாக நின்றது.

"இப்ப பின்னாடி" என்றார்.

பின் நிப்பிளைத் திறந்தார். மிதித்தேன். மிதி அசையவே இல்லை. முன் சக்கரத்தில் நிப்பிளைத் திறந்தபோது என் கால் தரைக்குப் போனது. இங்கே திறந்தும் திறக்காததுபோல் இருந்தது. எனக்கு ஏதோ தட்டியது.

"இன்னாங்க, நிப்பிள தொறந்தீங்களா?"

"தொறந்துதான் கீது."

"மிதி கல்லு மாதிரி நிக்குதுங்க. எறங்கவே இல்ல. முன்னாடி தொறந்தப்ப எறங்குச்சே."

"நீ மிதிக்கிற வேலைய மட்டும் பாரு. இங்க நான் பாத்துக்கறேன்."

நிப்பிளைக் கழற்றிக் கம்பியால் குத்தினார். ஊதினார். காற்று தாராளமாகப் போனது. அடுத்து, கடைக்காரன் கொடுத்த வீல் சிலிண்டர்களே பழுது என்று முடிவு செய்து, இரண்டையும் கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டு சைக்கிளில் ராபர்ட்சன்பேட்டைக்குப் போனார். அங்கே கடைக்காரரோடு சண்டை. அவர் இரண்டையும் வாங்கிப் பார்த்து, உள்ளே விரல் விட்டு, நல்லா இருக்கிறது என்று சாதித்திருக்கிறார். இவர் விடவில்லை. கடைசியில் அந்த மனிதர் தொல்லை விட்டால் போதுமென்று வேறு ஜோடி எடுத்துக் கொடுத்திருக்கிறார். திரும்பி வந்து அதை மாட்டி முடிக்க ஐந்தரை மணி ஆனது.

மறுபடி ஏறினேன். மிதி, கல். புடி, கல்.

"வரல" என்றார் கீழேயிருந்து. பிறகு, "நீ காலை வெச்சிக்கினு சும்மா ஒக்காந்துக்கினு கீற" என்றார்.

மூன்று நாள் வெயில், மூன்று நாள் இரும்பு, என் புடவை, என் காலின் வரிகள் எல்லாம் சேர்ந்து எனக்குள் ஏறிவிட்டன. கதவைத் திறந்தேன். அது உள்ளேயிருந்து மட்டும் திறக்கும் கதவு. வெளியே இறங்கி ஓங்கி அடித்துச் சாத்தினேன்.

"நான் சொல்றத ஒரு தடவையாச்சும் கேட்டீங்களா? எறங்கலன்னு சொல்றேன். எறங்கலன்னா எண்ணெ அந்தப் பக்கம் போவலன்னுதான அர்த்தம்? மாட்டனது பூரா புதுசு, அப்ப நடுவுல எங்கியோ அடச்சிக்கினு கீது. இது கூடவா தெரியாது?"

அவர் காருக்கடியிலிருந்து தலையை நீட்டினார். முகம் முழுக்க எண்ணெய்.

"டீச்சருக்கு எல்லாம் தெரியும். இது பிரேக்கு. பள்ளிக்கூடம் இல்ல."

"அப்ப பிரேக்கு தெரிஞ்சவங்களயே கூப்புட்டு மிதிக்கச் சொல்லுங்க."

உள்ளே போய் முகம் கழுவி, காலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மிதிக்க ஆளில்லாமல் அவர் அண்ணனைக் கூப்பிட்டது ஜன்னல் வழியாகக் கேட்டது. அண்ணன் பந்தல்காரரோடு பேசிக்கொண்டிருந்தவர் அப்படியே வந்து மறுபக்கத்துக் கதவு வழியாக ஏறி உட்கார்ந்தார். கார் ஒரு பக்கம் சாய்ந்தது.

"மிதிங்கண்ணே."

சீட்டின் ஸ்பிரிங் முனகியது. பிறகு அண்ணனின் குரல்.

"இன்னா தம்பி இது, பாறைய மிதிக்கற மாதிரி கீது? எறங்கவே மாட்டன்னுது. எண்ணெ எங்கியோ அடச்சிக்கினு கீது போல."

"ஆங்?" என்றார் என் கணவர். "எறங்கலியா? ஏன்ணே இத மொதல்லயே யாரும் சொல்லல?"

நான் தண்ணீரிலிருந்து காலை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றேன். என்னைப் பார்த்ததும் அவர் வேகமாகக் காருக்கடியில் போய்விட்டார்.

அதன் பிறகு கண்டுபிடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மாஸ்டரிலிருந்து இரும்புக் குழாய் காரின் அடியில் பின்னால் வரை போகிறது. அங்கிருந்து ஆடும் அச்சுக்கு ஒரு முழ நீள ரப்பர் ஹோஸ். அதற்கப்புறம்தான் இரண்டு சக்கரத்துக்கும் குழாய் பிரிகிறது. ஹோஸுக்கு முன்னால் இருந்த இணைப்பை அவர் தளர்த்தினார். அண்ணன் மிதித்தார். "எறங்கிச்சி! எறங்கிச்சி!" என்று கத்தினார். எண்ணெய் என் கணவரின் கழுத்தில் பீய்ச்சியது. அதை இறுக்கிவிட்டு ஹோஸின் மறுமுனையைத் தளர்த்தினார்கள். மிதி மறுபடி கல். ஒரு சொட்டு வரவில்லை. ஹோஸைக் கழற்றி வாயில் வைத்து ஊதினார். கன்னம் உப்பியதுதான் மிச்சம். வெளியே பார்க்க ஒரு கீறல் இல்லாத, நல்ல கறுப்பு ரப்பர். அதனால்தான் அவர் அதை மாற்றவில்லை.

ராபர்ட்சன்பேட்டையில் அந்தக் காருக்கு ஹோஸ் கிடையாது என்று அந்தக் கடைக்காரர், நியாயமான கோபத்தோடு, சொல்லிவிட்டார். பெங்களூருக்குத்தான் போக வேண்டும். சனிக்கிழமை இவருக்கு ஷிஃப்டு. கேஜ் ஓட்டுபவர் நினைத்தபோது லீவு போட முடியாது.

"நீ போய்ட்டு வந்துடறியா?" என்று கேட்டார். அந்த வாரத்தில் அவர் என்னிடம் கேள்வியாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை காலை எங்கள் ஊர்க் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஏறி, பங்காருப்பேட்டையில் வண்டி மாறிப் பெங்களூர் போனேன். பழைய ஹோஸைச் செய்தித்தாளில் சுற்றித் துணிப்பையில் வைத்திருந்தேன். அது கசிந்து பையில் வட்டமாகக் கறை. மோட்டார் சாமான் விற்கும் தெருவில் முதல் கடையில் இல்லை என்றார்கள். இரண்டாவது கடையில் பெண்பிள்ளை ஒருத்தி வந்து ஹோஸ் கேட்பதை நம்பவே நேரமாகி, பிறகு இல்லை என்றார்கள். மூன்றாவது கடையில் ஒரு வயதான மனிதர் இருந்தார். கன்னடத்தில் தொடங்கி, என் பதிலைக் கேட்டுத் தமிழுக்கு மாறினார். முனையிலிருந்த திருகு மறையை எண்ணிப் பார்த்து, உள்ளே போய், தூசி தட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். பின்பக்கத்துக்கு மட்டும்தான் இருந்தது.

பழையதை ஊதிப் பார்த்தார். பிறகு எனக்காகவே ஒரு பிளேடை எடுத்துக் குறுக்காக அறுத்துக் காட்டினார். நடுவில் ஓட்டையே இல்லை. கம்மல் போடாமல் விட்டுத் தூர்ந்துபோன காது மாதிரி, ஒரு புள்ளி மட்டும்.

"ஏம்மா, பிரேக்குக்கு வேற ஏதாவது ஆயில் ஊத்துனீங்களா?"

"இல்லீங்களே."

"என்ஜின் ஆயில், மெஷின் ஆயில், அந்த மாதிரி? ஊத்துனா ரப்பர் எல்லாம் ஊறிடும். கப்பு உப்பிடும். ஹோஸு உள்ளுக்குள்ளயே வீங்கி அடைச்சுக்கும். முன்னாடி ஹோஸும் சீக்கிரமே இப்படித்தான் ஆகும். மாத்திடுங்க."

இல்லை என்று மறுபடியும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வண்டி ஊரைத் தாண்டிய பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. பொங்கல் முடிந்து ஒரு நாள் மாலை. மிதி கொஞ்சம் கீழே போகிறது, எண்ணெய் குறைந்திருக்கும் என்று சொல்லி, வேலை செய்யும் இடத்திலிருந்து ஒரு சின்ன டப்பாவில் மெஷின் எண்ணெய் கொண்டுவந்திருந்தார். தேன் நிறம், கண்ணாடி மாதிரி தெளிவு. தரைப் பாயை நான்தான் தூக்கிப் பிடித்தேன். "பாத்தியா, இது எண்ணெ இல்லமே, அமிர்தம். இதுக்கு மேல நல்ல எண்ணெ இந்த ஊர்லயே கெடையாது" என்று சொல்லி ஊற்றினார்.

பங்காருப்பேட்டையில் வண்டி மாறினேன். அங்கிருந்து கோரமண்டல் வரும்வரை அவரிடம் என்னென்ன சொல்லப்போகிறேன் என்று வரிசைப்படுத்திக்கொண்டே வந்தேன். புடவை. உள்ளங்கால். "ஏன் யாரும் சொல்லல." ஸ்பேர்பார்ட்ஸ் கடைக்காரர். ஒன்றையும் விடுவதாக இல்லை. எதிர் சீட்டில் இருந்த அம்மாள் என் உதடு அசைவதைப் பார்த்து ஜெபம் செய்கிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, பேச்சுக் கொடுக்காமல் இருந்தாள்.

அவர் ஸ்டேஷனில் சைக்கிளோடு நின்றிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, பையைத்தான் பார்த்தார். புது ஹோஸை அவர் கையில் கொடுத்தேன். பிறகு அறுத்த துண்டுகளையும் கொடுத்தேன். துண்டைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி, வெளிச்சத்தில் பார்த்தார்.

"கடைக்காரரு இன்னா சொன்னாரு?"

"வேற எண்ணெ ஊத்துனீங்களான்னு கேட்டாரு."

அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். நான் பக்கத்தில் நடந்தேன். பாதி தூரத்தில் அந்தத் துண்டை மறுபடி எடுத்துப் பார்த்தார்.

"நான்தான் ஊத்தனேன்" என்றார்.

நான் தயாராக வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் கரைந்துவிட்டன. தன் தப்பை அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. பரவாயில்லை விடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் திரும்பினார்.

"நீதான பாய புடிச்சிக்கினு கூடவே நின்ன? ஊத்தாதீங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

கரைந்ததெல்லாம் திரும்பி வந்துவிட்டது. வீடு போய்ச் சேரும்வரை நான் பேசினேன். புடவையிலிருந்து தொடங்கி ஒன்றையும் விடவில்லை. அவர் சைக்கிள் மணியைக் கூட அடிக்காமல் கேட்டுக்கொண்டே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்து வந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு வேலையில் இறங்கினார். ஹோஸை மாட்டினார். பழைய எண்ணெய் முழுக்க வெளியே போகட்டும் என்று புது டப்பா பிரேக் ஆயில் இரண்டு வைத்திருந்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

"மிதி."

என் கால் தானாகத் தரைக்குப் போனது. வெள்ளிக்கிழமை கல்லை மிதித்துப் பழகிய கால், ஏமாந்து, முட்டி ஸ்டியரிங்கில் இடித்துக்கொண்டது.

"வருது!" என்று கத்தினார். "குமிழியா வருது! புடி! வுடு! மிதி!"

கறுப்பாக வந்தது, பிறகு பழுப்பாக, பிறகு சுத்தமாக. இடது பக்கம் முடிந்து வலது பக்கம். பதினொன்றரைக்கு நான்கு சக்கரமும் முடிந்தது. காரை எடுத்துக்கொண்டு ராபர்ட்சன்பேட்டை போகும் ரோட்டில் ஒரு சுற்றுப் போனோம். ஏறு இறக்கம் எல்லாவற்றிலும் மிதித்து மிதித்துப் பார்த்தார். வண்டி நேராக, அமைதியாக, சொன்ன இடத்தில் நின்றது. சக்கரம் சூடாகவில்லை. மாலையில் அதைக் கழுவித் துடைத்து, முன்பக்கம் ரோஜா மாலை கட்ட நூல்கூட ஓட்டி வைத்தார்.

திங்கட்கிழமை முதல் அவருக்கு மதிய ஷிஃப்டு. காலையில் ரோஜா மாலையோடு காரைப் பந்தல் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினோம். அண்ணன் மகிழ்ச்சியாக வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி வந்தார். பட்டுப் புடவை, கையில் பூத்தட்டு. காரைப் பார்த்தார், பிறகு என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார்.

"டீச்சரம்மா, தப்பா நெனச்சிக்காதீங்க. ஜட்கா வண்டிக்குச் சொல்லிட்டோம்."

"ஏன்க்கா? எல்லாம் சரியாயிடுச்சே."

"சரியாயிருக்கும். ஆனா ஒரு வாரமா செவுத்துக்கு அந்தாண்டேர்ந்து கேட்டுக்கினுதான கீறோம். வரல வரலன்னு. அந்தக் கார்ல என் பொண்ண ஒக்கார வெக்க எனுக்கு மனசு வரல. கோவில் எறக்கத்துல இன்னாச்சும் ஆச்சின்னா?"

அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். என் கணவரிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "செரி" என்றார்.

மணப்பெண் ஜட்காவில் போனாள். அதற்குப் பின்னால், ரோஜா மாலை கட்டிய வெறும் காரில், நாங்கள் இருவரும் குதிரையின் நடைக்குப் போனோம். இறக்கம் முழுக்க அவர் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அவ்வளவு அருமையாக அது வேலை செய்தது, பார்க்கத்தான் ஒருவரும் இல்லை. ரோட்டில் நின்றவர்கள் காருக்குள் குனிந்து குனிந்து பெண்ணைத் தேடினார்கள். என்னைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்கள்.

கல்யாணம் முடிந்து எல்லோரும் கலையும்போது அண்ணன் எங்கள் பக்கம் வந்தார். மூன்று நாள் தூங்காத முகம். யாரையும் கேட்காமல் பின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.

"ஊட்டுக்கு வுடு தம்பி" என்றார். "நான் மிதிச்சிப் பாத்த வண்டி. எனுக்குப் பயமில்ல."

வீட்டு வாசலுக்கு வருவதற்குள் தூங்கிவிட்டார். வாய் திறந்திருந்தது, அங்கவஸ்திரம் நழுவி மடியில் கிடந்தது. என் கணவர் அவருக்கு அதிர்வு தெரியாதபடி மெதுவாகக் காரைப் புங்கமரத்தடியில் நிறுத்தினார். பந்தலில் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். எழுப்பலாமா என்று ஜாடையில் கேட்டேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"முன்னாடி ஹோஸ் ரெண்டும் மாத்தணும்னு சொன்னாரில்ல அந்தக் கடைக்காரரு" என்றார் மெல்லிய குரலில். "அடுத்த வாரம் ஒரு நட பெங்களூர் போய்ட்டு வந்துடறியா?"

"நீங்க போங்க" என்றேன்.